மதுரைப் பக்கத்து நாடக சீசன்: எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

"பங்குனிக் கடைசியில் குடும்பத்தோடு இரண்டு வாரம் மதுரையில் இருப்போம். அந்தப் பக்கத்து ஊர்களில் விடிய விடிய இசை நாடகம் நடக்கும் என்கிறார்கள். இந்த சீசனில் என்னென்ன நாடகங்கள் வருகின்றன, டிக்கெட் எங்கே எடுப்பது, ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வரும் நேரம் மிக நல்ல நேரம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் டிக்கெட். அது கிடையாது. ஊர்த் திருவிழாவுக்காக வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி போட்டு, விழாக் கமிட்டி பணம் சேர்த்து, கோயில் திடலில் நாடகம் வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். வெளியூர்க்காரர் என்று தெரிந்தால் பாயைத் தள்ளி இடம் கொடுப்பார்கள்.

அடுத்து, "என்னென்ன நாடகங்கள் வருகின்றன" என்பதற்கு ஒரே பட்டியலாகப் பதில் சொல்ல முடியாது. இந்த சீசனை நடத்துவது ஒரு தியேட்டரோ ஒரு கம்பெனியோ இல்லை. மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல், விருதுநகர் வட்டாரங்களில் ஒவ்வொரு ஊரும் தன் சாமிக்குக் காப்புக் கட்டும் தேதியை வைத்துத்தான் நாடகம் வைக்கிறது. தை அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கி, வயலில் வேலை குறைந்து, மழைக்கு வாய்ப்பு குறைவான மாதங்கள் மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. மாரியம்மன் பொங்கல்கள் வரிசையாக வருவதும் அப்போதுதான். தாயமங்கலம் முத்துமாரியம்மனுக்கும் பொன்னமராவதி பக்கம் கொன்னையூர் அம்மனுக்கும் விருதுநகர் பராசக்தி மாரியம்மனுக்கும் பங்குனியில்தான் திருவிழா. வைகாசி விசாகத்துக்கு முருகன் கோயில்கள். ஆடி வரை இப்படியே ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கலைஞர்கள் வீட்டில் இருப்பார்கள். வருஷச் சம்பாத்தியத்தில் பெரும்பகுதி இந்தச் சில மாத இரவுகளில்தான் வந்தாக வேண்டும்.

இந்த நாடகத்தை ஸ்பெஷல் நாடகம் என்றும் சொல்வார்கள். இதில் குழு என்று ஒன்று கிடையாது. கதாநாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், கதாநாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து. பபூன் என்கிற கோமாளி, டான்ஸ் என்கிற ஆட்டக்காரி, ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, தேதி வாங்கி, முன்பணம் கொடுத்து அமர்த்துகிறார்கள். ஏஜென்ட் மூலமாகவோ, மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி போன்ற ஊர்களில் இருக்கும் நாடக நடிகர் சங்கம் மூலமாகவோ இது நடக்கும். ஒரே செட்டாக இவர்கள் முன்பே சேர்ந்து நடித்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. ஒத்திகை கிடையாது. இயக்குநர் கிடையாது. இரவு எட்டு, ஒன்பது மணிக்கு வேனிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் வந்து இறங்கி, மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசிக்கொண்டு, பத்தரைக்கு ஏறிவிடுவார்கள். அதன் பிறகு ஆறேழு மணி நேர நாடகம்.

இது எப்படி முடிகிறது? எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள். அந்தப் பாடத்தைக் கொடுத்தவர் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். முதலில் நடிகர். எமன், சனீஸ்வரன், இரணியன் மாதிரி கொடிய வேடங்களில் அவரைப் பார்த்து ஜனங்கள் நிஜமாகவே நடுங்கினார்கள் என்றும், அந்தப் பயத்தால் ஒரு பெண்ணுக்கு ஏற்பட்ட விபரீதத்துக்குப் பிறகு வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டார் என்றும் கதை உண்டு. அதன் பிறகு நாடகாசிரியர். அவருக்கு முன்னால் பார்சி நாடகக் கம்பெனிகள் தமிழ்நாட்டுக்கு வந்து, ஆர்மோனியத்தையும் எழுதிய சீன் திரைகளையும் இங்கே பழக்கிவிட்டுப் போயிருந்தன. தெருக்கூத்து ஏற்கெனவே இருந்தது, புராணக் கதை இருந்தது, கர்நாடக ராகங்கள் இருந்தன. இவையெல்லாவற்றையும் ஒரே மேடையில் சேர்த்து, பாட்டும் வசனமுமாக வரையறுத்து எழுதிக் கொடுத்தார். மதுரையில் 1918இல் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் பின்னாளில் புகழ்பெற்ற நாடகக்காரர்களான டி.கே. சண்முகம் சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் இறந்தார். சமாதி அங்கே கருவடிக்குப்பத்தில் இருக்கிறது.

நூறு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் வள்ளி வேஷம் கட்டுகிற பெண், முன்பின் பார்த்திராத ஒரு நாரதரோடு மேடையில் நேருக்கு நேர் நிற்கும்போது, இருவருக்கும் நடுவில் இருப்பது அந்தப் பாடம்தான். பாடம் பொது. அதற்கு மேலே அன்றைக்கு யார் என்ன சேர்க்கிறார்கள், எதிரில் இருப்பவர் அதை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பதுதான் நாடகம். அதனால் என் யோசனை: நாடகத்தின் பெயரை வைத்து இரவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். யார் யார் சேருகிறார்கள் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

அதற்கு நோட்டீஸ் படிக்கத் தெரிய வேண்டும். மதுரையிலிருந்து மேலூர், திருமங்கலம், சிவகங்கை எந்தப் பக்கம் போனாலும் டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும். உச்சியில் அம்மன் படமும் கோயில் பெயரும். அதன் கீழே ஊர், தேதி, "இரவு 10 மணியளவில்", பெரிய எழுத்தில் நாடகத்தின் பெயர். பிறகு வரிசையாக முகங்கள். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பெரிய படமாக, பளபளக்கும் உடையில். நாரதர் தனியாக. பபூன், டான்ஸ் ஜோடியாக. கடைசியில் கொஞ்சம் சின்னதாக ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், ஆல்ரவுண்ட். ஆல்ரவுண்ட் என்பவர் தாளமும் மற்ற ஓசைகளும் தருபவர். பபூன் தடுக்கி விழுந்தால் "டமார்" என்று அடிப்பது அவர்தான். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஊர் பெயர் இருக்கும், பின்னால் பட்டம் இருக்கும், பல நேரம் போன் நம்பரும் இருக்கும். அந்த நோட்டீஸே கலைஞர்களுக்கு விளம்பரம். அதைப் பார்த்துத்தான் அடுத்த ஊர்க்காரர் தேதி கேட்பார்.

எல்லோரும் பெரிய படங்களைப் பார்ப்பார்கள். நான் முதலில் ஆர்மோனியக்காரர் யார் என்று பார்ப்பேன். மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அவர்தான் அந்த இரவின் கயிற்றைப் பிடித்திருப்பவர். முதல் பாட்டு அவருடையது. நடிகர் எந்தச் சுருதியில் வந்தாலும் பிடித்துக்கொண்டு பின்பாட்டுப் பாடுவார். வசனம் தடுமாறினால் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுப்பார். பபூனுக்குக் கேள்வி கேட்க ஆள் வேண்டுமா, அவர்தான் கேட்பார். இரவு இரண்டு மணிக்குக் கூட்டம் கண் செருகும்போது யாரை எந்தப் பாட்டில் தூக்கிவிட வேண்டும் என்று நல்ல ஆர்மோனியக்காரருக்குத் தெரியும். நாடக ரசிகர் யாரிடமாவது நோட்டீஸைக் காட்டி, "ஆர்மோனியம் எப்படி, நாரதர் எப்படி?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் சொல்லும் வேகத்திலேயே தெரிந்துவிடும்.

நாரதரை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், நீங்கள் போகும் ஊரில் அநேகமாக வள்ளி திருமணம்தான் இருக்கும். இந்த வட்டாரத்தில் அதிகம் போடப்படுவது அதுதான். கல்யாணத்தில் முடிகிற மங்கலமான கதை, எந்தச் சாமிக்கும் பொருந்தும். நம்பிராஜன் மகள் வள்ளி தினைப்புனம் காக்கப் போகிறாள், நாரதர் வந்து பேசிப் பார்த்து முருகனிடம் போய்ச் சொல்கிறார், முருகன் வேடனாகவும் விருத்தன் என்கிற கிழவனாகவும் வந்து அவளைக் கரம் பிடிக்கிறான். கதை அவ்வளவுதான், எல்லோருக்கும் தெரிந்தது.

இரவு நகரும் விதம் இப்படி இருக்கும். முதலில் ஆர்மோனியக்காரரின் பக்திப் பாட்டுகள். பிறகு பபூன் தனியாக வந்து பாடி, பேசி, கூட்டத்தை நெருங்கி வரவைப்பார். அப்புறம் டான்ஸ், இருவரும் சேர்ந்து டூயட். நள்ளிரவைத் தாண்டித்தான் கதை தொடங்கும். வெளியூரிலிருந்து வருபவர்களில் பலர் பன்னிரண்டு மணிக்கு எழுந்து போய்விட்டு, "காமெடியும் டான்ஸும்தான் இருந்தது" என்று சொல்கிறார்கள். நாடகத்துக்கு முன்பே கிளம்பிப் போனவர்கள் அவர்கள்.

வள்ளி வந்து ஆலோலம் பாடிக் கிளி விரட்டும்போது கவனியுங்கள். நல்ல ஸ்திரீபார்ட் என்றால் "ஆலோலம்" என்ற அந்த ஒரு சொல்லிலேயே ராகத்தை விரித்து, திடலின் கடைசி வரிசை வரை இழுத்துப் போவார். பிறகு நாரதர் வருவார், தர்க்கம் தொடங்கும். இந்தத் தர்க்கம்தான் பலருக்கு நாடகத்தின் உயிர். "பெண்ணாகப் பிறந்தவள் காட்டில் தனியாக இருக்கலாமா" என்பதுபோல ஒன்றைத் தொட்டு நாரதர் ஆரம்பிப்பார். வள்ளி மடக்குவார். கந்த புராணம், திருக்குறள், திருப்புகழ் என்று நாரதர் ஒன்றை எடுத்தால் வள்ளி அதே நூலிலிருந்து இன்னொன்றை எடுத்து வைப்பார். எழுதிய பாடத்தைத் தாண்டிப் போகும் இடம் இது. எதிராளி எதைக் கேட்பார் என்று இருவருக்கும் தெரியாது. இருவரும் படித்தவர்களாக இருந்தால் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் போகும். முன் வரிசைக் கிழவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு பாட்டுக்கு அர்த்தம் தவறாகச் சொன்னால் கூட்டத்திலிருந்தே குரல் வரும். மேடையேறி நூறு ரூபாய் அன்பளிப்புக் கொடுப்பவர், தர்க்கத்தில் ஜெயித்தவருக்கென்றே கொடுப்பார். அதை மைக்கில் பெயர் சொல்லி அறிவிப்பார்கள்.

அதற்குப் பின்னால் ராஜபார்ட். வேடன் வள்ளியைக் கண்டதும் பாடும் "காயாத கானகத்தே" சுவாமிகள் பாட்டு, நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலில் ஊரெல்லாம் பரவியது. கிட்டப்பா 1933இல் இருபத்தேழு வயதில் போய்ச் சேர்ந்தவர். அந்த உச்சஸ்தாயி இன்றும் ஒவ்வொரு ராஜபார்ட்டுக்கும் முன்னால் நிற்கும் அளவுகோல். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் முதலில் ஜோடி சேர்ந்தது இலங்கையில், 1926 வாக்கில். இன்னொரு பெயரையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிவகாசியில் பிறந்த விஸ்வநாத தாஸ். முருகன் வேஷத்தில் நின்றுகொண்டே வெள்ளைக்காரனைக் "கொக்கு" என்று பாடியவர். அதற்காகத் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனவர். 1940 டிசம்பர் 31ஆம் தேதி சென்னையில் இதே வள்ளி திருமண மேடையில், மயில் மேல் முருகனாக அமர்ந்து பாடும்போதே உயிர் பிரிந்தது. ஒரு நாடகக் கலைஞனுக்கு அரசாங்கம் பயந்த காலம் அது.

விடியும் நேரத்தில் விருத்தன் வந்து, தினைமாவு கேட்டு, விக்கலெடுத்துத் தண்ணீர் கேட்டு, யானை வருகிறது என்று வள்ளி அலறி அவரைக் கட்டிக்கொள்ளும் காட்சி. அரைத் தூக்கத்திலிருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்துவிடும். மாலை மாற்றி மங்களம் பாட ஐந்து மணிக்கு மேல் ஆகும்.

இரண்டாவது இரவு கிடைத்தால் அரிச்சந்திர மயான காண்டம் தேடுங்கள். என் மனதுக்கு நெருக்கமானது அதுதான். நாடகம் முழுவதையும் இரண்டு பேர் சுமக்க வேண்டும். சுடலை காக்கும் அரிச்சந்திரனிடம், பாம்பு தீண்டி இறந்த மகன் லோகிதாசனைச் சுமந்துகொண்டு சந்திரமதி வருகிறாள். சொந்த மனைவி என்று தெரிந்தும் கூலி கேட்கிறான். அந்த இடத்தில் பெண் கலைஞர் பாடும் ஒப்பாரி, மூன்று மணி இருட்டில், நடிப்பு என்ற எல்லையில் நிற்காது. கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் தங்கள் வீட்டுச் சாவுகளை நினைத்து அழுவார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். இங்கிருந்து போன நாடகக்காரர்களிடமிருந்து அங்கே வேர்பிடித்த இசை நாடகத்தில், காங்கேசன்துறை வசந்தகான சபாவின் நடிகமணி வி.வி. வைரமுத்து மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான மேடைகளில் நடித்தார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பவளக்கொடி, அல்லி அர்ஜுனா இரண்டும் வாய்ச்சண்டையும் குறும்பும் நிறைந்தவை, நல்ல ஜோடி அமைந்தால் நேரம் போவதே தெரியாது. சத்தியவான் சாவித்திரியில் எமனோடு நடக்கும் வாதத்துக்காகப் போகலாம். நல்லதங்காளுக்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டு போங்கள். வீரபாண்டிய கட்டபொம்மன் பாட்டைவிட வசனத்தை நம்பும் நாடகம். இளைஞர்கள் விரும்பிக் கேட்டு வைப்பார்கள். கிறிஸ்தவக் கதையான ஞானசௌந்தரியையும் சுவாமிகள் எழுதியிருக்கிறார்.

இப்போது வருத்தமான விஷயம் ஒன்று, உங்கள் திட்டத்தையும் அது பாதிக்கலாம். ஒலிபெருக்கிக்கு இரவு பத்து முதல் காலை ஆறு வரை தடை என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. பண்டிகைகளுக்காக வருஷத்தில் பதினைந்து நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். நாடகமோ பத்து மணிக்கு மேல் தொடங்குவது. அதனால் காவல் நிலைய அனுமதிதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. சில ஊர்களில் பழைய வழக்கம் என்று விடியும் வரை விடுவார்கள். சில ஊர்களில் சீக்கிரம் முடிக்கச் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சுருக்கும்போது முதலில் பலியாவது தர்க்கம்தான். பபூனும் டான்ஸும் இருக்கும், வள்ளி கல்யாணம் அவசரமாக முடியும். தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் அனுமதி இன்னும் கஷ்டம். தேர்தலும் அடிக்கடி சித்திரையை ஒட்டித்தான் வருகிறது. 2020இல் பங்குனியில் ஊரடங்கு வந்தது, 2021இல் சித்திரையில் இரண்டாம் அலை வந்தது. இரண்டு சீசன் அடுத்தடுத்துக் கைவிட்டுப் போனதில், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க நகை விற்றவர்களை எனக்குத் தெரியும். சிலர் வேறு வேலைக்குப் போய் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சத்தத்தால் சிரமப்படும் நோயாளிகளும் படிக்கும் பிள்ளைகளும் ஊரில் உண்டு, மறுக்கவில்லை. பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் கட்டுவதைக் குறைத்து, திடலுக்கு மட்டும் கேட்கும்படி வைத்தால் இரண்டு பக்கமும் வாழலாம். ஒரு ஊர் வருஷத்தில் ஒரே ஒரு இரவு நாடகம் கேட்கிறது.

சினிமாப் பாட்டு கலந்துவிட்டது என்று பழைய ரசிகர்கள் குறைப்படுவதையும் கேட்பீர்கள். பபூன், டான்ஸ் பகுதியில் கலப்பதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பகுதி எப்போதுமே அன்றன்றைய சரக்குதான். வேடன் வள்ளியைப் பார்க்கும் இடத்தில் சுவாமிகள் பாட்டை விட்டுவிட்டு ஒரு டூயட்டை நுழைத்தால் அது இழப்பு. ஆனால் கேட்கிற கூட்டமும் அதில் பங்காளி. கிராமத்து வீடியோக்காரர்கள் எடுத்து யூடியூபில் போடும் நாடகங்கள் நிறைய உண்டு. வருவதற்கு முன்னால் ஒரு முழுத் தர்க்கத்தைக் கேட்டுவிட்டு வந்தால், நேரில் எது நல்ல பாட்டு என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் கேட்டு ரசிப்பது மேடையில் இருப்பவருக்கும் தெரியும், அவர் இன்னும் இரண்டு சரணம் பாடுவார்.

போகும்போது ஒரு பாய், ஒரு போர்வை, தண்ணீர். பகலில் எவ்வளவு வெயில் அடித்தாலும் நாலு மணிக்குப் பனி இறங்கும். பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமும் உட்காருவது பல ஊர்களில் வழக்கம், குழந்தைகள் மேடைக்கு முன்னால். இடம் கிடைத்தால் ஆர்மோனியத்தின் பக்கமாக உட்காருங்கள். பிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம். குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா என்று யோசித்தால், தாராளமாகக் கூட்டிப் போகலாம். பபூன், டான்ஸ் பகுதியில் இரட்டை அர்த்தப் பேச்சு வரலாம், ஊருக்கு ஊர் அளவு மாறும். அது சங்கடம் என்றால் சாப்பாட்டை முடித்து பிள்ளைகளைக் கொஞ்சம் தூங்கவைத்து, பன்னிரண்டரைக்குப் போங்கள். கதைக்குச் சரியாக இருக்கும்.

மதுரை வந்து இறங்கியதும் நாடக நடிகர் சங்கத்துக்குப் போய், அந்த வாரம் எந்தெந்த ஊரில் நாடகம் என்று கேளுங்கள். அங்கே யாராவது ஒரு கலைஞர் இருப்பார், நோட்டீஸும் இருக்கும். நல்ல நாரதரும் நல்ல வள்ளியும் சேரும் இரவு எது என்று அவரையே கேளுங்கள். சொல்லும் ஊர் எண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் வண்டி பேசிக்கொண்டு போங்கள். அந்த ஊரில் விடியும் வரை அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று மட்டும், கிளம்புவதற்கு முன் நோட்டீஸில் இருக்கும் நம்பருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.